கரும்பலகையின் இடது ஓரம்

ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போனதும் லீடர் எழுந்து வந்து கரும்பலகையின் இடது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே 'பேசியவர்கள்' என்று எழுதுவதைத் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒருமுறை பேசினால் பெயர். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் மேலே போனால் 'அடங்கவில்லை'. அந்தச் சாக்பீஸ் துண்டுக்கு இருந்த அதிகாரம் தலைமை ஆசிரியரின் பச்சை மைப் பேனாவுக்குக்கூட இருந்ததில்லை. அரை நெல்லிக்காய்க்குப் பெயர் அழிக்கப்பட்டிருக்கிறது. ரப்பர் கடன் தர மறுத்ததற்காகப் பெயர் ஏறியிருக்கிறது. இதையெல்லாம் மாணவியாக இருந்தபோதே பார்த்தவள்தான் நான். ஆனாலும் ஆசிரியை ஆன பிறகு பதினைந்து வருடம் அந்தப் பட்டியலை நம்பித்தான் வகுப்பு நடத்தினேன்.

விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளி. நான் கணக்கு டீச்சர். நான் சொல்லப்போகும் வருடம் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு வகுப்பாசிரியையும் நான்தான். 47 பிள்ளைகள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஓர் ஆசிரியருக்கு 35 மாணவர்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மீதிப் பன்னிரண்டு பேரை எங்கே உட்கார வைப்பது என்று சட்டத்தைக் கேட்க முடியாது, மூன்று பேர் பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இடிபடும், இடிபட்டால் சத்தம் வரும். அது பிள்ளைகளின் ஒழுக்கக் கேடில்லை என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

2008-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பல வகுப்புகளில் மேசைமேல் பிரம்பு இருந்தது. பெற்றோர்களே, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உடல் தண்டனையும் கூடாது, மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. பிரம்பு மெல்ல மெல்ல பீரோவுக்குப் பின்னால் போனது. ஸ்டாஃப் ரூமில் "அடிக்காம எப்படிங்க அடக்கறது?" என்று கொஞ்ச காலம் புலம்பல் ஓடியது. நான் அடித்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையே இருந்தது. பட்டியலில் பெயர் உள்ளவர்கள் அந்தப் பீரியட் முழுக்கச் சுவரோரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தில் இரண்டாவது பாதி என்று ஒன்று இருந்ததை நான் படித்தும் படிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை. தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்த் திரும்பியவள், வழக்கம்போலப் பட்டியலைப் பார்த்துப் பெயர்களை வாசித்தேன். நான்காவது பெயருக்கு மூன்று பெருக்கல் குறி. "எந்திரிடா" என்றேன். யாரும் எழவில்லை. முதலில் முன்வரிசையில் ஒரு சிரிப்பு, அப்புறம் வகுப்பே சிரித்தது. அவன் அன்று வரவே இல்லை. அவனுடைய மாமா மகளுக்குக் காதுகுத்து. காலையில் வருகைப் பதிவு போட்டவளே நான்தான்.

லீடரைக் கேட்டேன். கெட்டிக்காரப் பெண், பொய் சொல்கிற பிள்ளையில்லை. "அவன் எப்பவும் பேசுவான்ல டீச்சர், அதான்" என்றாள். பழக்கதோஷத்தில் எழுதியிருக்கிறாள். அப்படியானால் ஜூன் மாதத்திலிருந்து அவன் சுவரோரம் நின்ற நாட்களில் எத்தனை நாள் நிஜமாகவே பேசினான்? அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுநாள் அவனைக் கூப்பிட்டேன். "நேத்து உன் பேரு போர்டுல இருந்துச்சுடா" என்றேன். மேற்கொண்டு என்ன சொல்வதென்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவன், "நின்னுக்கவா டீச்சர்?" என்று கேட்டபடியே சுவர்ப்பக்கம் நகர்ந்துவிட்டான். நான் வரவே இல்லையே என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. "போய் உக்காரு" என்றேன். அதற்குமேல் அன்று எனக்கும் பேச்சு வரவில்லை.

அந்த வாரத்திலிருந்து பட்டியலை நிறுத்தினேன். நிறுத்திவிட்டு என்ன செய்வது என்று தெரியாததால் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் சத்தம் எப்போது கிளம்புகிறது என்று குறித்து வைக்க ஆரம்பித்தேன். யார் பேசினார்கள் என்பதை எழுதவில்லை, நேரத்தை மட்டும்தான். ஐந்து நாள் குறிப்பு போதுமானதாக இருந்தது. காலையில் முதல் பீரியடில் நான் செல்போனில் எமிஸ் என்ற கல்வித்துறை ஆப்பில் வருகைப் பதிவு போடப் போராடும் நேரம். எங்கள் ஊரில் சிக்னல் வேப்பமரத்தடிக்கு வந்தால்தான் கிடைக்கும், நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நிற்பேன், உள்ளே சந்தை. திருத்திய நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுக்கும் நேரம். இயற்கணிதக் கணக்கை ஐந்து நிமிடம் முதுகைக் காட்டியபடி எழுதும் நேரம். வேகமாகப் போடும் பத்துப் பேர் கணக்கை முடித்துவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருக்கும் நேரம். எல்லாமே பிள்ளைகளின் கைக்கு வேலை இல்லாத நிமிடங்கள். அந்த நிமிடங்களை உண்டாக்கியது நான்.

பி.எட். படித்தபோது ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க உளவியலாளரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். தன் வகுப்பில் செய்தித்தாள் படித்த ஒரு மாணவனைக் கண்டித்தபோது, கண்டிக்கப்படாத மற்ற மாணவர்களும் மாறியதைக் கவனித்து ஆராய்ச்சியில் இறங்கியவர். பிறகு ஏராளமான வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து பார்த்தார். 1970-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் சாரம் இது: ஒழுங்காக நடக்கும் வகுப்புக்கும் சந்தைக்கடையான வகுப்புக்கும் வித்தியாசம், தப்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் இல்லை. தப்பு நடக்கும் முன் வகுப்பை எப்படி ஓட்டுகிறார் என்பதில் இருக்கிறது. ஆசிரியருக்கு முதுகிலும் கண் இருப்பதாகப் பிள்ளைகள் நம்ப வேண்டும், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இடறாமல் மாற வேண்டும் என்றெல்லாம் பட்டியல் போட்டிருந்தேன். மதிப்பெண்ணும் வாங்கினேன். எமிஸ் ஆப் சுற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அது என் வகுப்பைப் பற்றியது என்று உறைத்தது.

செய்தது ரொம்பச் சின்ன விஷயம். மணி அடிக்கும் முன்பே போர்டில் ஒரு கணக்கு இருக்கும். உள்ளே வந்ததும் அதைப் போட வேண்டும். அவர்கள் போடும் நேரத்தில் நான் சிக்னல் தேடுவேன். நோட்டுகளை வரிசைவாரியாகப் பிரித்து முதல் பெஞ்சில் வைத்துவிட்டால் அவர்களே பின்னால் கடத்திக்கொள்வார்கள். சீக்கிரம் முடிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு, கொஞ்சம் முரட்டுக் கணக்காக. நீளமான கணக்குகளைப் பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிட்டு எழுதச் சொல்லிவிட்டு நான் பின்பக்கம் போய் நின்றேன். கடைசி பெஞ்சிலிருந்து என் போர்டைப் பார்த்தது அப்போதுதான். மதிய வெயிலில் வலது பாதி பளபளவென்று மின்னுகிறது, ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. காதுகுத்துக்குப் போனவன் உட்காரும் இடம் அதுதான். பக்கத்தில் இருப்பவனிடம் "என்னடா எழுதியிருக்கு" என்று கேட்காமல் அவன் வேறு என்ன செய்வான்?

இன்னொன்று தொண்டை. சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டு, ஒவ்வொரு ஜூலையிலும் உப்புத்தண்ணீர் கொப்பளித்துச் சுக்குக் காபியில் ஓட்டியவள் நான். இப்போது பேச வேண்டியதிருந்தால் முன்னால் வந்து சும்மா நிற்கிறேன். முதல் வாரம் இரண்டு மூன்று நிமிடம் நிற்க வேண்டியிருந்தது, அசட்டுத்தனமாக இருந்தது. பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்றார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பொங்கல் லீவுக்கு முந்தின நாள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மழை வந்து 'ஏ' பிரிவையும் எங்கள் வகுப்பிலேயே உட்கார வைத்த நாளில் நானும் கத்தினேன். சத்துணவுக்குப் பிறகு வரும் ஐந்தாவது பீரியடில் பிரச்சினை சத்தமே இல்லை, தூக்கம்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் நான் விடுப்பு. திரும்பி வந்து பார்த்தால் கரும்பலகையின் இடது ஓரத்தில் கோடு. என் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வந்தவர் எழுதச் சொல்லியிருக்கிறார். பதினோரு பெயர். அவன் பெயரும் இருந்தது, இரண்டு பெருக்கல் குறியோடு. நான் திரும்பி லீடரைப் பார்த்தேன். கேட்பதற்கு முன்பே எழுந்துவிட்டாள்.

"இந்தத் தடவை நிஜமாவே பேசினான் டீச்சர்."

பின்னால் இருந்து அவனும் ஆமாம் என்று தலையாட்டினான். டஸ்டரை எடுத்து ஓரத்தை அழித்துவிட்டு அன்றைய கணக்கை எழுதினேன், போர்டின் இடது பாதியில்.