டி2 ஸ்டார் உண்டா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்

தலசீமியா மேஜர் என்பது அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை ரத்த நோய்; ஏற்றும் ரத்தத்தால் உடலில் இரும்பு சேரும். அப்படிப்பட்ட பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு, அந்த இரும்பைக் கணிக்கும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனைக் கணக்கு மனப்பாடம். பன்னிரண்டு வயது மகனுக்கு அது 1,500-ஐ ஒட்டியே நின்றதால் நாங்களும் நிம்மதியாகத்தான் இருந்தோம். அந்த எண்ணை வைத்து இதயத்தில் படிந்த இரும்பைச் சொல்ல முடியாது, எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) நன்றாக வந்தாலும் நம்பி உட்கார முடியாது என்று சொல்லி, இதயத்தின் இரும்பை அளக்கும் டி2 ஸ்டார் எம்.ஆர்.ஐ. ஸ்கேனை எழுதிக் கொடுத்தார் மருத்துவர்.

நான் செய்த முதல் தப்பு, போனில் "இதய எம்.ஆர்.ஐ. எடுப்பீர்களா?" என்று மட்டும் கேட்டது. எடுப்போம் என்றார்கள். விழுப்புரத்தில் விடியற்காலை பஸ் ஏறிச் சென்னை போய்ச் சேர்ந்தால், கவுண்டரில் இருந்த பெண் கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) ரிப்போர்ட் எங்கே என்றார். படம் தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் ஏற்ற வேண்டுமாம். இந்த ஸ்கேனுக்கு அந்த ஊசியே தேவையில்லை, சீட்டைப் பாருங்கள் என்றேன். "இதயம் என்றால் மருந்து உண்டு" என்றார், சீட்டைப் பார்க்காமலே. பகல் ஒரு மணிக்கு உள்ளேயிருந்து டெக்னீஷியன் வந்து சீட்டைப் படித்தார். அந்த மென்பொருள் எங்களிடம் இல்லையே என்றார். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க இன்னொரு மணி நேரம்.

இரண்டாவது இடத்தை மருத்துவரே சொன்னார். இயந்திரத்தின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 3 டெஸ்லா புதியது என்று பெருமை பேசுவார்கள். ஆனால் நமக்குச் சொல்லப்படும் 10, 20 என்ற அளவுகோல் 1.5-க்கு உரியது.

அங்கே முதல் சிக்கல் அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்து. மாமியார் போட்ட முடிச்சு, குளித்துக் குளித்து இறுகிக் கல்லாகிவிட்டது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கத்தரிக்கோல் வாங்கி வெட்டி, தாயத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன். அதற்குள் பையன் முகம் சுருங்கிவிட்டது.

இன்னொன்று மூச்சு. ஒரு வாரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, மூச்சை இழுத்து அடக்கப் பழக்கியிருந்தேன். அங்கே மூச்சை வெளியே விட்டுவிட்டு அடக்கச் சொன்னார்கள்! பாதியில் திணறியதால் முதல் படங்கள் கலங்கிவிட்டன. டெக்னீஷியன் பொறுமைசாலி, சலிக்காமல் மறுபடி எடுத்தார். எப்படி அடக்க வேண்டும் என்று முன்பே கேட்டு, அப்படியே பழக்குங்கள்.

ரிப்போர்ட்டில் இதயத்துக்கு 14 மில்லி செகண்ட். எல்லை 20 என்று போட்டிருந்ததைப் பார்த்து, அதற்குக் கீழேதானே என்று பஸ்ஸிலிருந்தே வீட்டுக்குப் போன் செய்து சந்தோஷப்பட்டேன். ஃபெரிட்டின் பார்த்துப் பழகிய புத்தி. இங்கே கணக்கு தலைகீழ்: இரும்பு கூடக் கூட சிக்னல் சீக்கிரம் மங்கும், எண் குறையும். 20-க்கு மேல் இருந்தால் கவலையில்லை, 10-க்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் ஆபத்து. நாங்கள் நடுவில் நிற்கிறோம்.

இரும்பை வெளியேற்றும் மாத்திரையான டெஃபெராசிராக்ஸுடன், அதே வேலை செய்யும் டெஃபெரிப்ரோனையும் மருத்துவர் சேர்த்திருக்கிறார். வெள்ளை அணுக்கள் குறைகின்றனவா என்று வாராவாரம் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் வந்தால் டெஃபெரிப்ரோனை நிறுத்திவிட்டு உடனே ஓடிவரச் சொல்லியிருக்கிறார்.

ஒரு வருடத்தில் மறுபடி ஸ்கேன் என்று மாமியாரிடம் சொன்னேன். புதுக் கயிற்றில் தாயத்தைக் கோத்து, இழுத்தால் அவிழும்படி சுருக்கு முடிச்சாகப் போட்டார்.