மேனேஜ் மட்டும் போதாது, பிள்ளைகளே

இங்கிலீஷ் இண்டர்வியூவுக்குத் தயாராகும் கடலூர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் கஷ்டத்தைக் கேட்டாலும் 'மேனேஜ் பண்ணினேன்' என்றே முடித்துவிடுகிறீர்கள்.

2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் ஒரு வீட்டில் முந்திரித் தோப்பே வேரோடு சாய்ந்தது. புதுக் கன்று காய்க்கும்வரை அப்பா கொத்து வேலைக்குப் போனார். அதுவும் மேனேஜ்தானாம்! அடி தாங்கி நின்றதற்கு 'வெதர்' (weather, இங்கே வானிலை இல்லை, வினைச்சொல்) இருக்கிறது, அரைகுறை வருமானத்தில் காலத்தை ஓட்டியதற்கு 'கெட் பை' (get by) இருக்கிறது. 'ஓவர்கம்' (overcome) என்றால் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும்; கடன் பாக்கி இருந்தால் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

அப்புறம், சமாளிப்பதற்குச் சொல்லும் இந்த 'கோப் அப் வித்' (cope up with). அந்த 'அப்' எங்கிருந்துதான் வந்து ஒட்டிக்கொண்டதோ! 'கோப் வித்' போதும். (கேள்வி கேட்பவரே 'அப்' போட்டுக் கேட்டால் சிரித்துவிடாதீர்கள், வேலை முக்கியம்.)