ஒன்பதாம் வகுப்பு மார்க்கும் என்சிஏஏ தகுதியும்: எங்கள் அனுபவம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்சிஏஏ. போன வாரம்தான் என் மகளின் என்சிஏஏ கணக்கில் 'ஃபைனல் குவாலிஃபையர்', அதாவது முதல் வருஷமே விளையாடத் தகுதி உறுதி என்று வந்தது. ஆகஸ்டில் ஒரு முதல் டிவிஷன் (என்சிஏஏவின் மேல்மட்டப் பிரிவு) கல்லூரியின் நீச்சல் அணியில் சேருகிறாள். சந்தோஷம்தான், ஆனாலும் கோபம் இன்னும் அடங்கவில்லை. ஒன்பதாவது, பத்தாவது வரை இந்தியாவில் படித்துவிட்டு நடுவில் அமெரிக்கா வந்த பிள்ளைகள் நம்மில் எத்தனையோ வீட்டில் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது விளையாட்டு ஸ்காலர்ஷிப்புக்குப் போனால் எங்களைப் போல அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பொது விதி பலருக்கும் தெரியும். முதல் டிவிஷனுக்கு ஹைஸ்கூலில் 16 கோர் கோர்ஸ் (என்சிஏஏ கணக்கில் எடுக்கும் முக்கியப் பாடங்கள்), அவற்றில் மட்டும் கணக்கிடும் ஜிபிஏ, அதாவது நாலுக்கான சராசரி, 2.3. எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வு மார்க்கைத் தகுதிக்குப் பார்ப்பதை 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள், கல்லூரி அட்மிஷனுக்குக் கேட்டால் அது வேறு விஷயம். இதெல்லாம் எந்தக் கோச்சும் சொல்லிவிடுவார். யாரும் அழுத்திச் சொல்லாதது 10/7 விதி. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே அந்த 16-இல் 10 முடிந்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் 7 இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ் மூன்றுக்குள் இருக்க வேண்டும். பன்னிரண்டாவதில் மறுபடி எழுதி அந்த மார்க்கை மாற்றவும் முடியாது, அது அப்படியே பூட்டப்பட்டுவிடும்.

நாங்கள் நியூ ஜெர்சி வந்தது அவள் ஒன்பதாவது முடித்த பிறகு. இங்கே ஹைஸ்கூலில் சென்னை ரிப்போர்ட் கார்டைப் பார்த்து, ட்ரான்ஸ்கிரிப்டில் (எல்லா வருஷத்துப் பாடமும் மார்க்கும் உள்ள பள்ளிப் பதிவு) 'ட்ரான்ஸ்ஃபர் கிரெடிட்' என்று நாலு பாடத்தையும் ஏற்றிக்கொடுத்தார்கள். என்சிஏஏவுக்கு வேறு ஏதாவது வேண்டுமா என்று பள்ளியில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் நான் கேட்டேன், எழுத்திலும் கேட்டேன். எல்லாம் ட்ரான்ஸ்கிரிப்டிலேயே இருக்கிறது, நாங்களே அனுப்பிவிடுவோம் என்று பதில் வந்தது. பதினொன்றாவது முடியும் சமயத்தில் ஒரு கல்லூரி அவளைத் தான் எடுக்க நினைக்கும் பிள்ளைகளின் பட்டியலில் சேர்த்தது, அதன் பிறகுதான் என்சிஏஏ அவள் ஃபைலைத் திறந்தே பார்க்கிறது. ஒன்பதாவது வருஷத்துக்கு நேரே ஒன்றுமே இல்லை. ஒன்பதிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியின் ரெக்கார்டும் அந்தந்தப் பள்ளியிடமிருந்தே வர வேண்டுமாம், இன்னொரு பள்ளி எடுத்து எழுதினது செல்லாதாம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். பத்தாவது, பதினொன்றாவது இரண்டிலும் சேர்த்து இங்கிலீஷ் 2, மேத்ஸ் 2, சயின்ஸ் 2, ஹிஸ்டரி 2, ஸ்பானிஷ் 2. மொத்தம் 10 வந்துவிடுகிறது, ஆனால் இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ் மட்டும் பார்த்தால் 6தான், வேண்டியது 7. பன்னிரண்டாவதையும் சேர்த்தால் 15, வேண்டியது 16. இங்கிலீஷ் நாலு வருஷம் கட்டாயம், இவளுக்கு மூன்றுதான் நிற்கிறது. 16 இல்லாவிட்டால் முதல் வருஷம் ஸ்காலர்ஷிப்பும் கிடையாது, பயிற்சியும் கிடையாது, போட்டியும் கிடையாது.

கவுன்சிலர் சர்வசாதாரணமாக ஒரு வழி சொன்னார்: பன்னிரண்டாவதில் இன்னொரு இங்கிலீஷ் எடுத்துக்கொள்ளட்டும், 16 ஆகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது, அப்படிச் செய்திருந்தால் பிள்ளை மாட்டியிருப்பாள். 16 ஆகும், ஆனால் அந்த 7 பன்னிரண்டாவதுக்கு முன்னால் ஆகியிருக்க வேண்டியது, அதைப் பின்னால் போய் நிரப்ப முடியாது. அப்படி வருகிறவர்களை 'அகடமிக் ரெட்ஷர்ட்' என்ற கணக்கில்தான் வைப்பார்கள். ஸ்காலர்ஷிப் கிடைக்கும், முதல் செமஸ்டர் பயிற்சி செய்யலாம், ஆனால் அந்த வருஷம் போட்டியில் இறங்க முடியாது. ஒன்பதாவதில் ஒழுங்காகப் படித்துப் பாஸ் செய்த பெண் ஒரு சீசனை ஏன் இழக்க வேண்டும்? தயவுசெய்து கவுன்சிலர் சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள், விதியை நீங்களே படித்துக் கூட்டிப் பாருங்கள்.

சரி, சென்னைப் பள்ளியில் கேட்டு வாங்கிவிடலாம் என்று பார்த்தால் அங்கே மே மாத விடுமுறை. ஆபீஸ் மட்டும் அரை நாள் திறந்திருந்தது. என் தம்பியை அனுப்பினேன். கிளார்க் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். "ஒன்பதாவதுக்குப் போர்டு எக்ஸாமே கிடையாது சார், ரிப்போர்ட் கார்டு அப்பவே குடுத்தாச்சு, டிசி வாங்கிட்டுப் போனீங்கன்னா எங்க வேலை முடிஞ்சுது." ரிப்போர்ட் கார்டு எங்களிடம் இருக்கிறது, நாங்கள் ஸ்கேன் செய்து அனுப்பினால் செல்லாது, பள்ளிதான் அனுப்ப வேண்டும் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறான். மாணவி நேரில் வந்து லெட்டர் எழுதித் தர வேண்டும் என்று அடுத்த பதில். நியூ ஜெர்சியிலிருந்து எப்படி வருவாள்?

பள்ளி திறந்த பிறகு மறுபடி போனான். ஒரு வழியாகக் கவர் கையில் வந்தது என்று போட்டோ அனுப்பினான், பார்த்தால் போனஃபைடு சர்டிஃபிகேட். இன்னார் இந்தப் பள்ளியில் இந்த ஆண்டு படித்தார், நன்னடத்தை உள்ளவர். அவ்வளவுதான். ஒரு மார்க் இல்லை, ஒரு பாடத்தின் பெயர் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரியத்தை முடித்துக்கொடுத்தவர் பி.டி. மாஸ்டர். இன்டர் ஸ்கூல் மீட்டில் இவள் நீந்தியதை அவர் மறக்கவில்லை. தம்பியைக் காரிடாரில் பார்த்து விசாரித்திருக்கிறார், விஷயத்தைக் கேட்டதும் நேரே பிரின்சிபால் அறைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிரின்சிபால் அந்த வருஷத்து ரிசல்ட் ரெஜிஸ்டரை எடுத்துவரச் சொல்லி, தன் எதிரிலேயே பாடம் பாடமாக லெட்டர்ஹெட்டில் டைப் செய்ய வைத்தார். அந்த ரெஜிஸ்டர் இத்தனை நாளும் அதே ஆபீஸ் பீரோவில்தான் இருந்திருக்கிறது.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது, இது நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வரும். பள்ளி ரெக்கார்டில் அவள் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக விரிந்திருக்கிறது, என்சிஏஏ கணக்கு பாஸ்போர்ட் பெயரில். இரண்டும் ஒரே மாணவிதான் என்று பிறந்த தேதி, அட்மிஷன் நம்பரோடு பிரின்சிபாலிடம் இன்னொரு வரி எழுதி வாங்கி, சீல் வைத்து, பள்ளியிலிருந்தே அனுப்பவைத்தோம். அந்த வரி இருந்ததால் மேற்கொண்டு கேள்வி வரவில்லை. இந்தியாவை விட்டுக் கிளம்பும்போதே ஒன்பதாவது, பத்தாவது இரண்டுக்கும் பாடவாரியாக மார்க் போட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரில், சீலோடு இரண்டு மூன்று கவர் ஒட்டி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஆபீஸ் ஈமெயிலும் பிரின்சிபால் ஈமெயிலும் கையோடு வாங்கிவிடுங்கள்.

அப்புறம், உங்கள் ஹைஸ்கூலுக்கென்று என்சிஏஏ ஒப்புக்கொண்ட கோர்ஸ் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது, பள்ளியின் ஆறு இலக்கக் கோடு போட்டால் வரும். ஒவ்வொரு வருஷமும் பாடம் எடுக்கும் முன் அதில் பாருங்கள், ட்ரான்ஸ்கிரிப்டில் உள்ள தலைப்பு அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பிளஸ், மைனஸ் எல்லாம் என்சிஏஏ எடுத்துக்கொள்ளாது. பி பிளஸ்ஸும் 3, பி மைனஸும் 3.

இதெல்லாம் உள்ளே நுழைவதற்கு. உள்ளே போன பிறகு பட்டம் வாங்குவாளா என்பதுதான் எனக்குப் பெரிய கவலை, கல்லூரி கல்லூரியாகப் போனபோது அதைத்தான் துருவித் துருவிக் கேட்டேன். ஒரு கோச் எங்கள் அணிக்கு ஜிஎஸ்ஆர் 100 என்று பெருமையாகச் சொன்னார். ஜிஎஸ்ஆர் என்பது சேர்ந்து ஆறு வருஷத்துக்குள் பட்டம் வாங்கியவர்களின் கணக்கு. நல்ல மார்க்கோடு வேறு கல்லூரிக்கு மாறிப் போனவர்களை அதில் கழித்துவிடுவார்கள். அரசாங்கத்தின் ஃபெடரல் கணக்கில் அப்படிக் கழிப்பதில்லை, மாறிப் போனவரும் பட்டம் வாங்காதவராகவே நிற்பார். 2023-இல் வெளியான ஜிஎஸ்ஆர் முதல் டிவிஷன் முழுக்கவே 91 சதவீதம், அதனால் அந்த 100-ஐ மட்டும் கேட்டு மயங்க வேண்டாம். என்சிஏஏ தளத்தில் கல்லூரிவாரியாக, விளையாட்டுவாரியாக இரண்டு கணக்குமே கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி பெரிதாக இருந்தால், உங்கள் அணியிலிருந்து ஏன் இத்தனை பேர் விலகிப் போகிறார்கள் என்று நேரே கேளுங்கள். நான் கேட்டேன், ஒரு இடத்தில் பதிலே வரவில்லை, அந்தக் கல்லூரியை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

கல்லூரிகளுக்கும் இதில் பயம் உண்டு. அணியில் இருப்பவர்கள் படிப்புத் தகுதியோடு கல்லூரியில் தொடர்கிறார்களா என்று பார்க்கும் ஏபிஆர் என்ற மதிப்பெண்ணில், வைத்த அளவுக்குக் கீழே போன அணிகளைச் சீசன் முடிவுப் போட்டிகளில் ஆடவிடாமல் தடுத்திருக்கிறார்கள், கனெக்டிகட் ஆண்கள் கூடைப்பந்து அணி 2013-இல் அப்படித்தான் வெளியே நின்றது. அந்தப் பயமே சில இடங்களில் பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்புகிறது. என் மகளுக்கு நர்சிங் ஆசை. இன்னொரு கல்லூரியில் விளையாட்டுப் பிரிவின் படிப்பு ஆலோசகர், கிளினிக்கல் நேரமும் (ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறும் நேரம்) காலை நீச்சல் பயிற்சியும் இடிக்கும், வேறு இந்த மேஜர் (பட்டத்துக்கான முதன்மைப் பாடம்) எடு, எங்கள் பெண்கள் எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள் என்று அவளை ஐந்து நிமிஷத்தில் திருப்பப் பார்த்தார். பதினேழு வயதுப் பெண், எதிரே கோச் உட்கார்ந்திருக்கிறார், அவள் என்ன சொல்வாள்? தலையாட்டிவிட்டாள். நான்தான் குறுக்கிட்டேன்.

ஏன் இது முக்கியம் என்றால், என்சிஏஏ விதிப்படி இரண்டாம் வருஷ முடிவில் பட்டத்துக்கு வேண்டியதில் 40 சதவீதம், மூன்றாம் வருஷத்தில் 60, நாலாம் வருஷத்தில் 80 முடித்திருக்க வேண்டும், அதுவும் எடுத்திருக்கும் அந்த மேஜருக்கே சேரும் கிரெடிட்டாக. பாதியில் எனக்குப் பிடித்ததற்கே போகிறேன் என்று மாறினால் முன்பு படித்ததில் பல கணக்கில் வராமல் போய், போட்டியில் இறங்கும் தகுதியே போய்விடலாம். அதனால் பிடிக்காத மேஜரிலேயே பல பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு முடிக்கிறார்கள், புள்ளிவிவரத்தில் அவர்களும் பட்டம் வாங்கியவர்கள்தான்.

இப்போது சேரும் கல்லூரியில், நர்சிங் படித்துக்கொண்டே நீந்தும் மூன்றாம் வருஷப் பெண் ஒருத்தியிடம் தனியாகப் பேச விட்டார்கள். கிளினிக்கல் நாட்களில் அவளுக்கு மட்டும் மத்தியானம் பயிற்சி என்று அவளே சொன்னாள். நாலு வருஷத் திட்டத்தைப் பாடம் பாடமாகத் தாளில் எழுதித் தரும்படி கேட்டோம், தந்தார்கள். முதல் வருஷம் குறைந்தது 24 கிரெடிட், எந்த செமஸ்டரிலும் 6-க்குக் குறையக் கூடாது என்பதையும் அதிலேயே குறித்திருக்கிறார்கள். அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் எந்த செமஸ்டரில் போட்டால் சீசனோடு இடிக்காது என்று அவளும் அவள் அப்பாவும் இப்போது அதில்தான் பென்சிலால் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.