வெள்ளைப் புலி கலைத்த சம்பந்தம்

என் நாத்தனார் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டாள். காரணம் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாத்தூர் பக்கம் இதற்குள் கதை வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருக்கும், எனக்குத் தெரியும். காரணம், மோகன் என்கிற ஒரு புலி. அது செத்தே ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இவருக்கு ரிடையர் ஆனதிலிருந்து வண்டலூர் ஜூதான் ஆபீஸ். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. அன்றைக்கு மட்டும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பார். பெருங்களத்தூரில் வீடு வாங்கியதே தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதற்காக என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். ராத்திரி காற்று இந்தப் பக்கம் அடித்தால் சிங்கம் கர்ஜிப்பது கேட்கிறது என்பார். எனக்குக் கேட்பது ஜிஎஸ்டி ரோட்டு லாரிதான்.

மிருகங்கள் மேல் அவ்வளவு பிரியமா என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். பிரியமாவது ஒன்றாவது! தெருநாய் வாலாட்டிக்கொண்டு வந்தால் குடையை நீட்டி விரட்டுகிற ஆள். இவருக்குப் பிரியமெல்லாம் இருப்பின் மேல். வங்கியில் காலமெல்லாம் பேரேடு எழுதின கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் என்று ஒன்று, எந்த ஜூவில் எந்த மிருகம் எத்தனை என்று வருஷா வருஷம் கணக்கு வாங்குகிறது. முதல் இருப்பு, பிறந்தது, வந்தது, போனது, செத்தது, கடைசி இருப்பு. கணக்கு முடிக்கிற நாளும் மார்ச் 31. முதல் தடவை அந்தப் பட்டியலைப் பார்த்தபோது இவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

அதில் எண்ணிக்கை எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. ஆண், பெண், இன்னும் என்னவென்று தெரியாதது, நடுவில் புள்ளி. 2.3.1 என்றால் இரண்டு ஆண், மூன்று பெண், ஒன்று இனிமேல்தான் தெரியும். இது ஜூவோடு நின்றால் சரி. பங்காளி வீட்டுக் கல்யாணப் பந்தியில் நின்றுகொண்டு, "நம்ம பக்கம் 18.26.4" என்கிறார். கைக்குழந்தைகளெல்லாம் மூன்றாவது கணக்கு. அத்தை ஆறு மாதம் கொழுந்தன் வீட்டில் இருந்துவிட்டு வரப் போனால் அதற்குப் பெயர் பரிமாற்றம். பதிலுக்கு என்ன வந்தது என்று யாராவது கேட்டால் அங்கிருந்து வந்த கிரைண்டரைக் காட்டுவார். மூத்தவளின் மாப்பிள்ளை தலை தீபாவளிக்கு வந்தபோது, சொந்தக்காரர் யாரையும் முதல் நாள் அண்டவிடவில்லை. "புது வரவை உடனே கூட்டத்தோட விடக் கூடாது, தனியா வெச்சுப் பார்க்கணும்" என்றார். அந்தப் பையன் நல்ல பையன். மாமனார் தனக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

2022 பிப்ரவரியில் வண்டலூரில் இரண்டு அணில் குரங்குகள் திருட்டுப் போனது ஞாபகம் இருக்கலாம். ஊரெல்லாம் ஐயோ பாவம் என்றது. இவருக்குக் கவலை வேறு. எந்தப் பத்தியில் எழுதுவது? 'போனது' என்றால் ஆணையத்தின் அனுமதி வாங்கி முறைப்படி போயிருக்க வேண்டும். திருடன் அனுமதி வாங்கவில்லையே. பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் கிடந்தார். போலீஸ் மீட்டுக் கொண்டுவந்தது, ரப்பரை எடுத்து அழித்தார், தூங்கினார். 2025 அக்டோபரில் சஃபாரிக்குத் திறந்துவிட்ட சிங்கம் ராத்திரி கூண்டுக்குத் திரும்பாமல் ட்ரோன் விட்டுத் தேடினார்கள் அல்லவா, அப்போதும் சாப்பாடு இறங்கவில்லை. அது தானாகத் திரும்பிவிட்டது. அதே வாரம் இவருடைய பெரியப்பா மகன் வீட்டில் கோவித்துக்கொண்டு எங்கோ போயிருந்தார். அவர் எப்போது திரும்பினார் என்று இவரைக் கேட்டுப் பாருங்கள், சொல்லத் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை ராத்திரி நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும், எனக்கு அண்ணன் முறை, வந்து இறங்கினார்கள். கையில் காராச்சேவு நாலு கிலோ. சாத்தூரிலிருந்து யார் வந்தாலும் சேவு வரும். ஆனால் ஒரு கிலோ வந்தால் பிரியம், நாலு கிலோ வந்தால் காரியம். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவள் மகன் ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான். எங்கள் சின்னவள் சிறுசேரிக்கு வேலைக்குப் போய் வருகிறாள். அத்தை மகன், மாமன் மகள், முறை. கேட்கிற உரிமை அவளுக்கு இருக்கிறது. கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று நானே குறைப்பட்டிருப்பேன்.

காலையில் இட்லி சாப்பிட்டு, அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "அண்ணே, ஒரு நல்ல விஷயம் பேசணும்" என்றாள். இவர் வாட்சைப் பார்த்தார். "இரு, முதல்ல ஜூவுக்குப் போயிட்டு வந்துருவோம். வெயில் ஏறினா எல்லாம் உள்ளே போய்ப் படுத்துக்கும், எண்ண முடியாது."

ஞாயிற்றுக்கிழமை வண்டலூர். அறுநூறு ஹெக்டேர் என்கிறார்கள். எல்லா ஹெக்டேரிலும் ஆள். பேட்டரி வண்டிக்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு நடந்தே போய்விடலாம் என்றார் இவர். பட்டுச்சேலையோடு அவள் நடந்தாள். மூட்டுவலியோடு நான் நடந்தேன். சின்னவள் மட்டும் புத்திசாலி, வீட்டிலேயே தூங்கிவிட்டாள். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி எண்ணிக்கை. மான் கூட்டத்தின் முன்னால் அரைமணி நேரம். ஒன்று நகர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

வெள்ளைப் புலி இருக்கும் இடத்தில் நல்ல நிழல். அங்கே நின்றதும் நாத்தனாருக்கு இனிப் பொறுக்க முடியவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எம் புள்ளைக்கு உம் மகளைக் கேக்கத்தான்ணே வந்தோம்" என்று போட்டு உடைத்துவிட்டாள். இவர் திரும்பினார். முகமெல்லாம் சந்தோஷம். எனக்கு வயிறு கலங்கியது. ஏனென்றால் அது சம்பந்தி சந்தோஷம் இல்லை. தெரிந்த கேள்வி பரீட்சையில் வந்த சந்தோஷம்.

"இந்தா நிக்குதே, இது கதையும் அதேதான்" என்று ஆரம்பித்தார். 1951-இல் ரேவா மகாராஜா ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்தாராம். அதுதான் மோகன். அதை பேகம் என்ற சாதாரணப் புலியோடு சேர்த்தார்கள். பிறந்ததெல்லாம் மஞ்சள். வெள்ளை வேண்டும் என்கிற ஆசையில், அப்படிப் பிறந்த மகள் ராதாவையே மோகனோடு சேர்த்தார்கள். 1958-இல் நாலு குட்டி, நாலும் வெள்ளை. அதில் மோகினி 1960-இல் அமெரிக்காவுக்குப் போய் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஐசனோவரையே பார்த்தது. ராஜாவும் ராணியும் டெல்லிக்குப் போயின. வண்டலூருக்கும் டெல்லியிலிருந்துதான் ஜோடி வந்தது.

"அப்பனும் மகளுமாண்ணே?" என்றாள் நாத்தனார். கையிலிருந்த தண்ணீர் பாட்டில் அப்படியே நின்றுவிட்டது.

"அதான் சொல்றேன். அந்த வெள்ளை நிறம் ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் வெளிய தெரியும். அதுக்காக நெருங்கின ரத்தத்தையே திரும்பத் திரும்பச் சேர்த்தாங்க. கண்ணைப் பாரு, வெள்ளைப் புலிக்கு மாறுகண் வரும். கண்ணிலேருந்து மூளைக்குப் போற நரம்பே தடம் மாறிப் போகுது. அமெரிக்காவில ஜூ சங்கம் 2011-லயே இனிமே இதை வளர்க்காதீங்கன்னு சொல்லிருச்சு."

அதற்குள் சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கைடு என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு பொடியன் சந்தேகம் கேட்டான், இவர் குனிந்து விளக்கினார். பக்கத்தில் நின்ற புதுஜோடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்ல நகர்ந்தது. முறைக் கல்யாணமாக இருக்கும், பாவம். புலி அகழி ஓரமாக வந்து, கால் விரல்களை விரித்து நாக்கால் ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டே எங்களைப் பார்த்தது. எனக்கென்னவோ நேராகத்தான் பார்த்த மாதிரி இருந்தது.

"அப்ப எம் புள்ளைக்கு மாறுகண்ணா?" என்றாள்.

இவர் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது. "அவனுக்கு இல்ல. நான் அடுத்த தலைமுறையைச் சொல்றேன்."

அண்ணன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எப்போதும் பேச மாட்டார். செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டார். நாத்தனார் முகம் சிவந்து, "நீ மட்டும் மாமன் மகளைக் கட்டிக்கிடலாமோ?" என்றாள். நியாயமான கேள்வி. அந்த மாமன் மகள் நான்தான். மேல்மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முதல் இருப்பைச் சரிபார்க்கிற பார்வை. அப்புறம் சொன்னார்: "அதனாலதான் வேண்டாங்கிறேன். நம்ம வீட்டுல ஏற்கெனவே ஒரு சுத்து ஆயிருச்சு. இனிமே வெளியிலேருந்துதான் எடுக்கணும். சிங்கவால் குரங்குக்கே பரம்பரைப் பதிவேடு வெச்சு, யாருக்கு யார் அப்பன்னு பாத்துத்தான் ஜோடி சேக்கிறாங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த பட்டங்களில் இது புதுசு. ஒரு சுத்து.

சின்னவளைக் கொடுப்பதில் எனக்கும் விருப்பமில்லை என்பது வேறு விஷயம். ஆனால் இல்லை என்று சொல்வதற்கு நம் பக்கம் எத்தனை அழகான வழி இருக்கிறது. ஜாதகம் பொருந்தவில்லை. சின்னவள் இன்னும் படிக்கணும் என்கிறாள். குலசாமி பூக்கட்டிப் பார்த்ததில் வரவில்லை. ஒரு குரங்கும் புலியும் இல்லாமல் காலங்காலமாக எல்லாரும் சம்பந்தத்தைத் தட்டிக்கழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கட்டிவிட்டாள். கிளாம்பாக்கத்துக்கு பஸ் ஸ்டாண்டைக் கொண்டுவந்ததில் எங்களுக்கு ஒரு வசதி, கோவித்துக்கொண்டு போகிறவர்கள் கோயம்பேடு வரை போக வேண்டியதில்லை. இவரும் கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தார். "ஜன்னல் சீட் கிடைச்சுது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் கணக்கு நோட்டை எடுக்கவும் இல்லை.

அத்தை அடிக்கடி சொல்வார். இவர்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மெட்ராஸ் பார்க்கக் கூட்டிவந்தார்களாம். எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கி, முதலில் செத்த காலேஜ், அப்புறம் சென்ட்ரல் பக்கம் உயிர் காலேஜ். அப்போது ஜூ அங்கேதான், வண்டலூரெல்லாம் 1985-இல்தான் திறந்தது. மியூசியத்தில் செத்துப்போன மிருகங்களையெல்லாம் பார்த்துவிட்டு, ஜூவுக்கு வந்து உயிரோடு பார்த்ததும், நாத்தனாருக்கு ஒரே அழுகை. இதுவும் செத்துப்போகுமா, அதுவும் செத்துப்போகுமா என்று ஒவ்வொரு கூண்டாகக் கேட்டு அழுதிருக்கிறாள். இவர் தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு, "அழாத, எத்தனை இருக்குன்னு எண்ணு" என்று கூண்டு கூண்டாக எண்ண வைத்தாராம். எண்ணி எண்ணித் தோளிலேயே தூங்கிவிட்டாளாம்.

சின்னவளுக்கு விஷயம் தெரிந்ததும் அப்பாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். ஓசூரிலிருந்து பையன் அவளுக்கு, "மாமாவுக்கு என் நன்றியைச் சொல்" என்று அனுப்பியிருக்கிறான். ஆக, சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்கும் நிம்மதி. நடுவில் நான்தான் கெட்டவள். "மதினிதான் அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்துருக்கா, அண்ணனுக்கு என்ன தெரியும்" என்று அவள் அங்கே சொன்னதாக எனக்குத் தகவல் வந்துவிட்டது. ரேவா எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது!

சமாதானம் செய்ய இவர் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். வண்டலூரில் மிருகங்களைத் தத்தெடுக்கலாம். அதன் தீனிச் செலவுக்குப் பணம் கட்டினால் நம் பெயரில் சான்றிதழ் தருவார்கள். தங்கச்சி பெயரில் ஒன்றை எடுக்கப் போகிறாராம். நல்ல எண்ணம்தான். மயிலை எடுங்கள் என்றேன். "மயில் எல்லா ஊர்லயும் இருக்கு, அதுக்கென்ன மதிப்பு" என்று சிங்கவால் குரங்கில் வந்து நிற்கிறார். பதிவேடு சுத்தமாக இருக்கிற மிருகமாம். தங்கச்சியின் பெயர், கீழே குரங்கு, கூடவே ஒரு சான்றிதழ். அது சாத்தூருக்குப் போய்ச் சேர்ந்தால் நான் அந்தப் பக்கம் ஒரு சாவுக்குக்கூடத் தலைகாட்ட முடியாது. டெபிட் கார்டை அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்று காலையில் போன் வந்தது. அவள்தான். இவரோடுதான் பேசினாள். ஜாதகம், கல்யாணம் எதையும் எடுக்கவில்லை. "அண்ணே, அந்தப் புலிக்குக் கண்ணு தெரியுமாண்ணே? முன்னால வெச்ச கறியாவது தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். ஊருக்குப் போனதிலிருந்து அதே நினைப்பாம். இவருக்குக் கேட்கவா வேண்டும், சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நரம்பு, மூளை, மோகன், மோகினி, ஐசனோவர். அவளும் அந்தப் பக்கம் உம் கொட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனும் தங்கச்சியும் ராசியாகிவிட்டார்கள்.

"மதினி இருக்காளா, குடு" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் போனை வைத்துவிட்டார். எனக்கு காஸ் புக் பண்ண வேண்டும், நம்பர் அந்த போனில்தான் பதிந்திருக்கிறது. வாங்கிப் பார்த்தால் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது.