பபுவா, எய்யா

எங்கள் வங்கியில் சொந்த மாநிலத்துக்கு மாற்றல் கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. மனைவிக்கு அங்கே வேலை, பெற்றோருக்கு உடல்நிலை சரியில்லை, பிள்ளையின் படிப்பு, இப்படி ஏதாவது எழுத வேண்டும். நான் ஐந்து வருஷமும் 'வயதான பெற்றோர்' என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் அதுதான் முழுக் காரணமா என்று கேட்டால், இல்லை. எனக்கு ஊருக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அதை அந்தக் கட்டத்தில் எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

2016 ஜூனில் வேலையில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த இடம் பீகாரில் சிவான் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளை. நம் முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பிறந்த ஜீராதேய் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. நான் போய் இறங்கிய முதல் நாளே கிளையின் கடைநிலை ஊழியர் எனக்குச் சொன்ன முதல் செய்தி அதுதான், ஏதோ தன் சொந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும், வேறு எந்த மாநிலத்தையும் தொடாது, ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள், வருஷம் முழுக்கத் தண்ணீர் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கள் ஆறு இமயமலையிலிருந்து வருகிறது என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

முதல் நான்கு மாதம் மிகவும் கஷ்டப்பட்டேன். இந்தியையாவது புத்தகத்தை வைத்துக்கொண்டு ஓரளவு பழகிவிட்டேன், ஆனால் அங்கே கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் பேசுவது போஜ்புரி. வயதான பெண்கள் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு ஏதோ நீளமாகச் சொல்வார்கள், நான் முழிப்பேன், பின்னால் நிற்பவர் இந்தியில் திருப்பிச் சொல்வார், அதிலும் பாதிதான் புரியும். கைநாட்டு வைக்கிற கணக்குகள் அங்கே நிறைய. ஒருவருடைய பணத்தை அவர் கையில் கொடுக்கும்போது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுத்திருக்கிறார், மீதி எவ்வளவு என்று அவருக்குப் புரியும்படி சொல்ல முடியாமல் போவது இருக்கிறதே, அந்தச் சங்கடத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததே இல்லை. எங்கள் ஊரில் என் அம்மா வங்கிக்குப் போய்விட்டு வந்து, "அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியல, நான் சொன்னது அவனுக்குப் புரிஞ்சுதோ என்னமோ" என்று சொன்னது ஞாபகம் வரும். அங்கே அந்தப் பையன் நான்தான்.

அப்புறம் நவம்பர் வந்தது. 2016-ல் தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் சட் பூஜை. அதைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: நமக்குப் பொங்கல் மாதிரி என்று சொன்னால் போதாது. டெல்லி, சூரத், லூதியானா, வளைகுடா நாடுகள் என்று எங்கே வேலைக்குப் போயிருந்தாலும் அந்த நான்கு நாளுக்கு ஊர் வந்து சேர வேண்டும் என்று தவிப்பார்கள், ரயிலில் கழிவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாவது வருவார்கள். குளக்கரையிலும் ஆற்றங்கரையிலும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மறைகிற சூரியனுக்கு ஒரு மாலை, உதிக்கிற சூரியனுக்கு ஒரு காலை. அந்த வருஷம் கடைசி நாள் நவம்பர் 7. மறுநாள் இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது.

யோசித்துப் பாருங்கள். வருஷம் முழுக்க வெளியூரில் சம்பாதித்ததை 500-ஆகவும் 1000-ஆகவும் மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் அத்தனை பேரும் ஊரில் இருக்கிறார்கள், திரும்பிப் போக டிக்கெட் கையில் இருக்கிறது. 10-ஆம் தேதி காலை நாங்கள் கதவைத் திறந்தபோது வரிசை சாலையைத் தாண்டி வயல் வரப்பு வரை போயிருந்தது. ஒரு ஆளுக்கு 4000 ரூபாய் வரைதான் மாற்றலாம், அதற்கு ஒரு படிவம், அடையாள அட்டை நகல். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள்தான் எழுதித் தர வேண்டும். நான் வேர்த்துப் போய் நிற்கிறேன், என் முன்னால் ஒரு பாட்டி அழுதுகொண்டே ஏதோ சொல்கிறார், எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அப்போது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சார், நீங்க தமிழுங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். இருபத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் கம்சா துண்டு. சட்டையில் குத்தியிருந்த என் பெயரைப் படித்திருக்கிறான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறானாம், சட் பூஜைக்கு ஊருக்கு வந்திருக்கிறான். அவன் பேசியது அச்சு அசல் கொங்குத் தமிழ். அந்தப் பாட்டி பேரனின் மருந்துக்குப் பணம் கேட்கிறார் என்றும், வீட்டில் யாருக்கும் தெரியாமல் சேர்த்த பணம் என்பதால் மகனிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சுகிறார் என்றும் அவன்தான் எனக்குச் சொன்னான். அன்று தன் பணத்தை மாற்றிய பிறகும் அவன் போகவில்லை. சாயங்காலம் வரை கவுன்ட்டர் பக்கத்தில் நின்று போஜ்புரியைத் தமிழாக்கிக் கொடுத்தான். மறுநாளும் வந்தான். சனி, ஞாயிறும் வங்கி திறந்திருந்தது, அந்த இரண்டு நாளும் வந்தான். கூலி என்று எதுவும் கேட்கவில்லை. கேட்டதற்கு, "நான் திருப்பூர் வந்த புதுசுல ஒரு அக்கா எனக்கு இப்படித்தானுங்க சொல்லிக் குடுத்தாங்க" என்றான்.

அந்த நான்கு நாளில் நான் கற்றுக்கொண்ட போஜ்புரிதான் அதற்கு அடுத்த ஐந்து வருஷத்துக்கும் அடித்தளம். பாட்டிகள் என்னை 'பபுவா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நம்மூரில் ஆச்சிமார் 'எய்யா' என்று கூப்பிடுவது போலத்தான், மகனே என்ற அர்த்தத்தில், அதே இழுவையோடு. முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, பணம் எண்ணுவதை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். 2020-ல் ஊரடங்கில் மாதக்கணக்கில் ஊருக்கு வர முடியாமல் கிடந்தபோது நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா சத்துமாவு உருண்டையும், அதற்குத் தொட்டுக்கொள்ளும் சோகா என்ற காய் மசியலும் கொண்டுவந்து கொடுத்தது அந்தப் 'பபுவா' உறவில்தான்.

2021-ல் மாற்றல் கிடைத்தது. திருநெல்வேலி சந்திப்பில் காலையில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது, தேநீர்க் கடையில் "என்ன அண்ணாச்சி, எப்ப வந்தீய?" என்று யாரோ யாரையோ கேட்டதை நின்று கேட்டேன். அன்று சாயங்காலமே குறுக்குத்துறைக்குப் போனேன். ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோயில் அப்படியே இருக்கிறது. படித்துறையில் உட்கார்ந்தால், கொஞ்சம் தள்ளிச் சாக்கடைத் தண்ணீர் ஆற்றில் கலக்கிறது. ஐந்து வருஷமாக நான் சிவானில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசிய ஆறு இது. அன்று நான் காலை நனைக்கவில்லை. வீட்டுக்கு வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவும் இல்லை.

கிளை ஸ்ரீவைகுண்டம் தாண்டி, ஆற்றங்கரையோர வாழைத் தோட்டங்களுக்கு நடுவே. இங்கே வேலையின் முகமே வேறு. சிவானில் நான் நகைக்கடன் கொடுத்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம், இங்கே விடிந்தால் நகைக்கடன்தான். வாழை நடுவதற்கு முன் அடகு வைப்பார்கள், தார் வெட்டியதும் திருப்புவார்கள், மகளுக்கு வளைகாப்பு என்றால் நடுவில் ஒரு தரம் திருப்பி மறுபடி வைப்பார்கள். சில நகைகளைப் பார்த்தாலே எந்த வீட்டினுடையது என்று நகையை மதிப்பிடும் அப்ரைசர் சொல்லிவிடுவார். ஒரு ஆச்சி தன் பாம்படத்தை வருஷா வருஷம் கொண்டுவருவார். காது வடித்து பாம்படம் போட்ட தலைமுறையில் அந்த ஊரில் மிஞ்சியிருப்பவர்களில் அவரும் ஒருவர். அதை உரைகல்லில் உரசும்போது அப்ரைசரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பதவி உயர்வு வாங்கினால் மறுபடி வெளிமாநிலம் போக வேண்டும், எங்களில் பலருக்கும் இதுதான் நிலை. நான் இரண்டு முறை அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. என்னோடு சேர்ந்தவர்கள் இப்போது எனக்கு மேலே இருக்கிறார்கள், ஒருவர் நான் அனுப்பும் கடன் கோப்புகளுக்கு ஒப்புதல் தரும் இடத்தில் இருக்கிறார். அப்பா இதைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்டார், "எங்களுக்காகவா இருக்கே?" என்று. இல்லை என்று சொன்னேன். அவர் நம்பினாரா தெரியவில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். நான் பாளையங்கோட்டையில் வீட்டில் இருந்தேன். சாலை அறுந்து, மின்சாரம் இல்லாமல், போனும் எடுக்காமல், நான்காம் நாள்தான் பாதி வழி டிராக்டரிலும் மீதி நடந்தும் கிளைக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே மேஜை உயரத்துக்குத் தண்ணீர் வந்து வடிந்த கோடு சுவரில் தெரிந்தது. முழங்கால் வரை சேறு. வாசலில் ஐம்பது, அறுபது பேர் நிற்கிறார்கள். வீட்டில் பாத்திரம் பண்டம் போய்விட்டது, வாழை மொத்தமும் சாய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது, ஆனால் அவர்கள் பணம் கேட்டு வரவில்லை. "எய்யா, நம்ம நக இருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

பெட்டகத்தைத் திறந்து பார்த்தோம். எல்லாம் இருந்தது. கீழ்த்தட்டுப் பொட்டலங்கள் நனைந்திருந்தன, தங்கத்துக்கு என்ன ஆகப் போகிறது. நான் வெளியே வந்து படியில் நின்று, "ஆச்சி, அண்ணாச்சி, எல்லாரும் கேளுங்க, ஒரு குண்டுமணிகூடப் போகல, நான் என் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்றேன். வங்கியில் அப்படிப் பேசச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் கிடையாது. ஆனால் அந்தச் 'சொல்லுதேன்' என்ற ஒரு சொல்லுக்குத்தான் அவர்கள் மூச்சு விட்டார்கள் என்று நினைக்கிறேன். அப்புறம் இரண்டு வாரம் நனைந்த அடகுச் சீட்டுகளையும் பத்திரங்களையும் மொட்டை மாடியில் பரப்பி, கல் வைத்து, வெயிலில் காயவைத்தோம். வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் மாடிக்கு வந்து கூடவே உட்கார்ந்து தாள்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். சேற்றை அள்ளியதும் அவர்கள்தான்.

அந்த வெள்ளத்தில் எங்கள் கிளையின் புது அதிகாரி ஒருவன் இரண்டு நாள் தான் தங்கியிருந்த வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டான். கீழ்வீட்டுக் குடும்பமும் மேலே ஏறி வந்து, மிச்சமிருந்த அரிசியில் எல்லோருக்கும் கஞ்சி வைத்திருக்கிறார்கள். அவனுடைய ஊர் பீகாரில் கோபால்கஞ்ச், சிவானுக்குப் பக்கத்து மாவட்டம். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. முதல் நாள் நான் போஜ்புரியில் நலம் விசாரித்தபோது அவன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "சார்... சார்..." என்று அதற்கு மேல் பேச்சே வரவில்லை. அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் தமிழ்ச் சொல் ஆச்சி. இரண்டாவது, பைய. பைய பேசுங்க ஆச்சி. இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டே அவன் ஆறு மாதம் ஓட்டினான், அதற்குள் மற்றதெல்லாம் தானாக வந்துவிட்டது. திருப்பூர் பையன் கதையை அவனுக்கு நிறைய தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு சட் பூஜைக்கும் அவன் விடுப்பு எழுதும்போது மற்றவர்கள் தீபாவளிக்குக் கேட்கிற விடுப்பைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தியாவது அவனை அனுப்பிவிடுவேன்.

போன மாதம் அவன் மாற்றல் விண்ணப்பத்தோடு என் மேஜைக்கு வந்தான். எல்லாம் நிரப்பியிருந்தான், அந்த ஒரு கட்டம் மட்டும் காலி.

"இதுல என்ன சார் எழுதணும்?"

"அப்பா அம்மாவுக்கு என்ன வயசு தம்பி?"

"அப்பாவுக்கு 61. நல்லாத்தான் இருக்காங்க சார்."

"வயதான பெற்றோர்னு எழுது."

அவன் போனால் கிளைக்குக் கை குறையும், அடுத்து வருகிறவருக்கு மறுபடி ஆச்சியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் தாளை வாங்கும் முன்பே கவுன்ட்டர் பக்கமிருந்து குரல் வந்தது, பாம்படத்து ஆச்சி. அது அவருடைய மாதம்.

"எய்யா, இங்கன கொஞ்சம் வாயேன்."

நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் அவன் திரும்பி, "இந்தா வாரேன் ஆச்சி" என்று போய்விட்டான்.