33 நாள் திருத்தந்தையின் கல்லறை முன்

புனித பேதுரு பேராலயத்துக்குள் எல்லோரும் அண்ணாந்து குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிலவறைக்கு இறங்கும் படிகளைத் தேடினேன். ரோமுக்கு வந்ததே, 33 நாள் மட்டுமே திருத்தந்தையாக (போப்பாக) இருந்த முதலாம் யோவான் பவுலின் கல்லறையைப் பார்க்கத்தான்.

எளிமையான பளிங்குக் கல்லறை. லத்தீனில் பெயர் மட்டும். 1978 ஆகஸ்ட் 26 அன்று தேர்வானவர், செப்டம்பர் 28 இரவு இறந்துபோனார். வயது 65. புன்னகைத் திருத்தந்தை என்று இத்தாலியர்கள் இன்றும் பாசமாகச் சொல்கிறார்கள்.

அவரை விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று நானும் பல வருடங்கள் நம்பியிருந்தேன். வத்திக்கான் வங்கியைச் சுத்தம் செய்யப் பார்த்தார், அதனால்தான் என்பார்கள். 1982இல் அந்த வங்கியோடு தொடர்புடைய அம்புரோசியானோ வங்கி திவாலாகி, அதன் தலைவர் கால்வி லண்டனில் ஒரு பாலத்தடியில் தூக்கில் தொங்கியபடி கிடைத்ததும் சந்தேகம் இன்னும் இறுகியது. திருத்தந்தையின் உடலுக்குப் பிரேதப் பரிசோதனையும் நடக்கவில்லை.

ஆனால் என் மனதை அரித்தது ஒரு காபி. பல ஆண்டுகள் அவருக்குப் பணிவிடை செய்த அருள்சகோதரி வின்சென்சா, வழக்கம்போல் அதிகாலையில் காபி கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது தொடப்படவே இல்லை. கதவைத் தட்டி, உள்ளே போனார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி அணிந்தபடி, கையில் தாள்களோடு, கட்டிலில் இறந்து கிடந்தார் அவர்.

திருத்தந்தையின் படுக்கையறைக்குள் ஒரு பெண் போனாள் என்று எப்படிச் சொல்வது? செயலாளர்தான் முதலில் பார்த்தார் என்று அறிவித்துவிட்டார்கள். கையில் இருந்த தாள்களும் பக்தி நூலாக மாறிவிட்டன. உண்மை வெளியே வந்தபோது, இதில் பொய் சொன்னவர்கள் எதில்தான் சொல்லமாட்டார்கள் என்று ஜனங்கள் கேட்டதில் என்ன தப்பு?

2017இல் பத்திரிகையாளர் ஸ்டெஃபானியா ஃபலாஸ்கா, ஆவணங்களையும் சாட்சியங்களையும் வைத்து ஒரு நூல் எழுதினார். இறந்த அன்று மாலையே திருத்தந்தைக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. சற்று நேரத்தில் விட்டுவிட்டதால் மருத்துவரைக் கூப்பிடவில்லை. மாரடைப்புதான் என்று எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. 2022 செப்டம்பர் 4 அன்று அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டமும் கொடுத்தார்கள்.

சரி, ஆனால் அந்தச் சகோதரி? அவ்வளவு காலம் பார்த்துக்கொண்டவரின் உடலை முதலில் கண்டதும் அவர்தான், அறிக்கையில் இல்லாமல் போனதும் அவர்தான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

எனக்குப் பின்னால் ஒருவர் தன் மகளிடம், “இவருக்குத்தான் விஷம் வைத்தார்கள்” என்று கிசுகிசுத்தார். திரும்பி அவரிடம் அந்தக் காபியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் காவலர் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டார். அப்புறம் வெளியே வந்து, தூண் நிழலில் நின்று, சிறுமிக்கும் சேர்த்து முழுவதையும் சொன்னேன்.