கொழுப்பு பாக்குற அந்த கண்ணாடிக் குழாய்

பாலக்கோடு பக்கம் எங்க ஊரு சொசைட்டிக்கு அம்மா கூட பால் ஊத்த போறப்பலாம் பாலோட அடர்த்தி பாக்குற லாக்டோமீட்டர் மெதக்குறத பாத்துட்டே நிப்பேன், அப்புறம் டெய்ரி படிக்கப் போனப்பதான் பால்ல கொழுப்பு எவ்ளோன்னு பாக்குற கெர்பர் டெஸ்ட் என் கையாலயே செஞ்சேன், 10 மில்லி சல்ஃப்யூரிக் ஆசிட், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால், குலுக்குனா குழா கைய சுடும், துணி சுத்திதான் பிடிக்கணும், மெஷின்ல சுத்த விட்டு எடுத்தா மேல மஞ்சளா கொழுப்பு தனியா நிக்கும், அவ்ளோ அழகு!

இத 1891லயே சுவிட்சர்லாந்துல கெர்பர் கண்டுபிடிச்சிட்டாரு. நம்ம நாட்டுல இந்தப் படிப்பு வளர்ந்ததும் நமக்குப் பக்கத்துலதான், ஓசூர் தாண்டுனா பெங்களூரு, 1923ல அங்க ஆரம்பிச்ச பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம்தான் 1955ல இப்ப ஹரியானால இருக்குற கர்னாலுக்குப் போச்சு, 1927ல காந்தியே பெங்களூரு வந்து அந்த நிறுவனத்துல மாடு வளர்க்க கத்துக்கிட்டாரு.

இப்ப ஊருக்குப் போனா அம்மாவோட பால் சீட்டு நான்தான் படிச்சு சொல்றேன், ஃபேட் 4.1, எஸ்என்எஃப் (கொழுப்பு போக மிச்ச திடப்பொருள்) 8.5.